லக்சம்பர்க்குக்குக் குடிவருகிறீர்களா? முதலில் பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள்

லக்சம்பர்க்கில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். "அக்கா, ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை எவ்வளவு?" அதற்கடுத்து வரி போகக் கையில் எவ்வளவு நிற்கும், அப்புறம் நம்ம ஊர் மளிகைக் கடை உண்டா, குளிர் தாங்குமா. நான் பதிலுக்கு, பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்பேன். "நாலு முடியப் போகுது, ஏன் கேக்குறீங்க?" என்பார்கள். ஏனென்றால் எந்த ஊரில் வீடு பார்ப்பது, மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும், வீட்டில் இன்னொருவர் எப்போது வேலைக்குப் போகலாம் என்பதெல்லாம் பிள்ளை எந்த மொழியில் படிக்கப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் இங்கே அமைகிறது. வாடகையும் வரியும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அதனால் நான் பிள்ளையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து தெற்கே 82 கிலோமீட்டர்தான் நீளம். மக்கள்தொகை இன்னும் ஏழு லட்சத்தைத் தொடவில்லை, அதிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டுக் குடிமக்கள். இது போக பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வந்து திரும்புகிறார்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய மொழி லக்சம்பர்க்கிஷ், சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சில், நிர்வாகத்துக்கு இவை இரண்டோடு ஜெர்மனும் சேர்த்தி. தெருவில் கணக்கு வேறு. ரொட்டிக் கடை, சூப்பர்மார்க்கெட், உணவகம் எல்லாம் பிரெஞ்சு, ஏனென்றால் அங்கே நிற்பவர் காலையில் பிரான்சின் தியோன்வில்லிலிருந்தோ பெல்ஜியத்தின் ஆர்லோனிலிருந்தோ ரயிலேறி வந்தவர். கட்டட வேலை நடக்கும் இடத்தில் போர்த்துகீசியம் கேட்கும். மருத்துவமனையில் டாக்டர் பிரெஞ்சில் பேசுவார், நர்ஸ் ட்ரியர் பக்கத்து ஜெர்மன்காரராக இருப்பார். வங்கி, நிதி நிறுவனம், அமேசான் அலுவலகம் என்றால் ஆங்கிலம். கம்யூன் அலுவலகத்தில் (நம்ம ஊர் நகராட்சி, பஞ்சாயத்து எல்லாம் சேர்ந்த ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், நாடு முழுக்க 100 கம்யூன்கள்) லக்சம்பர்க்கிஷில் வணக்கம் சொல்லிவிட்டு, நம் முகத்தைப் பார்த்ததும் பிரெஞ்சுக்கு மாறுவார்கள். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். அரசுத் தொடக்கப்பள்ளி வாசலில்தான் அந்த ஆங்கிலம் செல்லாது.

பிள்ளைக்கு நான்கு வயது ஆகவில்லையா, உங்களுக்கு யோகம். ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 2017 முதல் கிரெஷ்களில் (குழந்தைக் காப்பகங்கள்) லக்சம்பர்க்கிஷும் பிரெஞ்சும் பேச்சு வழியாகவே பழக்குகிறார்கள், அந்தத் திட்டத்தில் இருக்கும் கிரெஷ் என்றால் வாரம் 20 மணி நேரம் இலவசம். மூன்று வயதில் பிரெகோஸ் என்று ஒரு வகுப்பு உண்டு, கட்டாயமில்லை, ஆனால் இடம் கிடைத்தால் விடாதீர்கள். செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது முடிந்துவிட்டால் பள்ளி கட்டாயம். இங்கே வகுப்பு என்று சொல்வதில்லை, சைக்கிள் 1, சைக்கிள் 2 என்று நான்கு கட்டங்கள். முதல் கட்டம் இரண்டு வருடமும் விளையாட்டு, பாட்டு, காட்டுக்குள் நடை, பெரும்பாலும் லக்சம்பர்க்கிஷில். நம் பெற்றோர் இதைப் பார்த்து, "ஏபிசிடி கூடச் சொல்லித் தரலையே" என்று பதறுவார்கள். பதற வேண்டாம், அந்த இரண்டு வருடத்தில் பிள்ளை வாங்கிக்கொள்ளும் பேச்சுமொழிதான் அடுத்த படிக்கு அடித்தளம்.

அந்த அடுத்த படி ஆறு வயதில் வருகிறது, அங்கேதான் சிக்கலும். எழுதப் படிக்கச் சொல்லித்தருவது ஜெர்மனில். லக்சம்பர்க்கிஷ் காதில் ஏறிய குழந்தைக்கு ஜெர்மன் பக்கத்து வீடு மாதிரி, ஏறாத குழந்தைக்கு அது முழுப் புது மொழி. கணக்கும் ஜெர்மனில்தான். பிரெஞ்சு முதலில் பேச்சாக வந்து, சைக்கிள் 3-ல், அதாவது எட்டு வயது வாக்கில், எழுத்தாகவும் சேர்ந்துகொள்ளும். தொடக்கப்பள்ளி முடித்து லிசேவுக்கு (உயர்நிலைப் பள்ளி) போனால், அதுவரை ஜெர்மனில் போட்ட கணக்கைப் பிரெஞ்சில் போடவேண்டும். இதில் எந்த மொழியும் நம் வீட்டில் பேசும் மொழி இல்லை. பன்னிரண்டு வயதில் பிள்ளை பல்கலைக்கழகத்தை நோக்கிய கிளாசிக் பிரிவுக்குப் போவதா, தொழில்படிப்பும் சேர்ந்த பொதுப் பிரிவுக்குப் போவதா என்று தீர்மானிக்கிறார்கள், அதில் ஜெர்மன் நிறையவே எடைபோடும். இங்கே மிகப் பெரிய வெளிநாட்டுச் சமூகமான போர்த்துகீசியர்களின் பிள்ளைகள் கிளாசிக் பிரிவில் குறைவாக இருப்பதற்கு இந்த ஜெர்மன் ஒரு முக்கியக் காரணம் என்று நாட்டுக்குள்ளேயே நெடுங்காலமாகப் பேசுகிறார்கள். அதற்காகத்தான் முதல் எழுத்தைப் பிரெஞ்சில் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை 2022-ல் நான்கு பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள், அதை நாடு முழுக்கக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. உங்கள் பிள்ளை ஐந்து வயதை ஒட்டி இருந்தால், அது எந்த ஆண்டு சேருகிறதோ அந்த ஆண்டுக்கு அந்தப் பள்ளியில் பிரெஞ்சு வழி உண்டா என்று கம்யூனில் நேரடியாகக் கேளுங்கள்.

என் மகளின் கணக்குப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கூட்டல் கழித்தல் பக்கங்களில் எல்லாம் சரி சரி என்று இருக்கும். அப்புறம் ஒரு பக்கத்தில் கதைக் கணக்கு வரும்: மேளாவில் மூன்று குழந்தைகள், ராட்டினம் ஒரு சுற்றுக்கு இவ்வளவு, பாட்டி கொடுத்த காசு இவ்வளவு, மீதி எவ்வளவு. அந்தப் பக்கம் காலியாக இருக்கும். வாய்விட்டுத் தமிழில் சொன்னால் ஒரு நொடியில் விடை வரும். ஆசிரியரைப் பார்த்துச் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை, இது கணக்குப் பிரச்சினை இல்லை, வார்த்தை சேர்ந்தால் சரியாகிவிடும் என்றார், சரியாகவும் ஆனது. ஆனால் அந்த இடைவெளியில் வீட்டுப்பாடத்தில் உதவ நமக்கு ஜெர்மன் தெரியாது என்பதை முன்கூட்டியே மனதில் வையுங்கள். பள்ளியிலும் மேசோன் ரெலேயிலும் (அது என்னவென்று கீழே வருகிறேன்) வீட்டுப்பாட உதவி இருக்கும், முதல் வாரமே பெயர் கொடுங்கள். பெற்றோர் சந்திப்புக்கு மொழி தெரியாவிட்டால் கலாசார இடையாளர் (மொழிபெயர்த்து உதவுபவர்) ஒருவரைப் பள்ளி மூலமாகவே கேட்கலாம், காசு கிடையாது. இன்னொன்று: பிள்ளைக்கு உதவுவதாக நினைத்து வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். வீட்டுமொழியை விடாதீர்கள் என்று இங்குள்ள ஆசிரியர்களே சொல்வார்கள்.

எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. இந்த வயதில் ஜெர்மனையும் பிரெஞ்சையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிப் பன்னிரண்டு வயது வடிகட்டலுக்கு நிறுத்துவது பிள்ளைக்குப் பெரிய பாரம். முடிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேறு வழி இருக்கும்போது ஏன்? அரசே நடத்தும் ஐரோப்பியப் பாடத்திட்டப் பள்ளிகள் 2016-ல் டிஃபர்டாஞ்சில் தொடங்கி இப்போது ஜுங்லின்ஸ்டர், மோண்டோர்ஃப், கிளெர்வோ, மெர்ஷ், தலைநகர் என்று பரவியிருக்கின்றன. ஆங்கிலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. லிம்பெர்ட்ஸ்பெர்க்கில் இருக்கும் மிஷெல் லூசியஸ் லிசேயில் ஆங்கில வழியில் ஏ லெவல் (பிரிட்டிஷ் பள்ளியிறுதித் தேர்வு) வரை படிக்கலாம், அதுவும் அரசுப் பள்ளிதான். இவற்றில் இடம் பிடிப்பதுதான் போட்டி. செப்டம்பரில் சேர்க்க வேண்டுமானால் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பத் தேதிகளைப் பார்த்து வைக்க வேண்டும், ஆகஸ்டில் வந்து இறங்கிக் கேட்டால் காத்திருப்போர் பட்டியல்தான். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் புதிதாக வரும் மாணவர்களுக்கான கல்வி அமைச்சகப் பிரிவு ஒன்று பிள்ளையைச் சோதித்து எந்த லிசே பொருந்தும் என்று சொல்லும், நேராக அங்கே போய்விடுங்கள். தனியார் ஆங்கிலப் பள்ளிகளும் உண்டு, ஆண்டுக் கட்டணம் இருபதாயிரம் யூரோ வாக்கில் போகும். நிறுவனம் கட்டினால் யோசியுங்கள், அதையும் எத்தனை வருடத்துக்குக் கட்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு.

"ரெண்டு வருஷம் பாத்துட்டுத் திரும்பிடுவோம்" என்று வருகிறவர்களில் நிறையப் பேர் திரும்புவதில்லை. அதனால் பிள்ளை சின்னதாக இருந்தால் இங்கேயே தங்குவோம் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள் என்பேன். பெரிய பிள்ளை என்றால் எந்த நாட்டுக்குப் போனாலும் தொடரக்கூடிய படிப்பாகப் பார்ப்பதுதான் உசிதம்.

இப்போது வீடு. அரசுத் தொடக்கப்பள்ளியில் நீங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்லை, உங்கள் முகவரிதான் தேர்ந்தெடுக்கிறது. ஐரோப்பியப் பள்ளி என்றால் அந்த ஊர் ரயில் அல்லது பஸ் வழியில் வீடு பார்க்க வேண்டும். தலைநகரத்தில் கிர்ஷ்பெர்க், பெலேர், லிம்பெர்ட்ஸ்பெர்க் பக்கம் வாடகை கண்ணைக் கட்டும். இரண்டு படுக்கையறை என்றால் இரண்டாயிரம் யூரோவுக்குக் கீழே கிடைப்பது அரிது. எஷ், டிஃபர்டாஞ்ச், எட்டல்புருக் பக்கம் கொஞ்சம் குறையும், ரயிலில் அரை மணி நேர வாக்கில் நகரத்துக்கு வந்துவிடலாம். பயணச் செலவு பூஜ்யம், ஏனென்றால் 2020 முதல் நாடு முழுக்க ரயில், பஸ், டிராம் எல்லாம் இலவசம், ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் டிக்கெட். விமான நிலையத்திலிருந்தே இப்போது டிராம் உண்டு. கார் இல்லாமல் தாராளமாக முதல் வருடத்தை ஓட்டலாம்.

வாடகை கட்டுப்படியாகாமல் பிரான்ஸ் பக்கமோ ஜெர்மனி பக்கமோ வீடு எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள், சக ஊழியர்கள் எல்லாம் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று. அவர்கள் ஐரோப்பியக் குடிமக்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவருக்கு லக்சம்பர்க் வதிவிட அட்டை லக்சம்பர்க்கில் வசிக்கத்தான். அந்த அட்டையை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலா போகலாம், அங்கே குடியிருக்க முடியாது. இது தெரியாமல் முன்பணம் வரை போனவர்கள் உண்டு.

வீட்டுக்காரர் எதிர்பார்ப்பது நிரந்தர வேலை ஒப்பந்தமும் கடைசிச் சம்பளச் சீட்டுகளும். புதிதாக வருகிறவரிடம் சம்பளச் சீட்டு ஏது? அதனால் முதல் ஒன்றிரண்டு மாதம் சாமான்களோடு கூடிய தற்காலிக வீட்டில் இருந்துகொண்டு தேடுவதுதான் நடைமுறை. ஆனால் அந்த வீட்டை முன்பதிவு செய்யும் முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இந்த முகவரியில் கம்யூனில் எங்கள் குடும்பத்தைப் பதிய முடியுமா? முடியாது என்றால் அந்த இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், ஏனென்றால் வந்திறங்கி மூன்று வேலை நாட்களுக்குள் கம்யூனில் வருகையைப் பதிய வேண்டும், அந்தப் பதிவில் தொங்கிக்கொண்டுதான் மற்ற எல்லாமே இருக்கின்றன. 2024 ஆகஸ்டிலிருந்து முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, தரகுக் கட்டணத்தை வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் பாதிப் பாதி கொடுக்க வேண்டும். பழைய கணக்கில் மூன்று மாதம், முழுத் தரகு என்று யாராவது கேட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டு நிலை அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். அப்புறம், அன்றைக்கே தபால் பெட்டியில் எல்லோர் பெயரையும் ஒட்டிவிடுங்கள், மனைவி பெயர், பிள்ளை பெயர் உட்பட. பெயர் இல்லாத பெட்டிக்கு வந்த கடிதம் திரும்பிப் போய்விடும், இந்த நாட்டில் முக்கியமான எதுவும் இன்னும் கடிதமாகத்தான் வருகிறது.

பெயர் என்றதும் நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி. செந்தில் முருகன், மனைவி கவிதா ராமசாமி, மகள் நிலா செந்தில் என்று ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு இதில் ஒன்றுமே விசித்திரமில்லை. இங்குள்ள படிவத்துக்கோ ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். மனைவிக்கு வேறு பெயர் இருப்பதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், இங்கேயும் திருமணமான பெண்கள் அதிகாரபூர்வமாகப் பிறந்த வீட்டுப் பெயரில்தான் இருக்கிறார்கள். அப்பாவின் முதல் பெயர் பிள்ளைக்குக் கடைசிப் பெயராக நிற்பதைத்தான் ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, இனிஷியல் விரிவாக, இருந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா, ஊரிலேயே சரிசெய்துவிட்டு வாருங்கள். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை) வேண்டும். இங்கே வந்தபின் மாமனாரைச் சென்னைக்கு அலையவிடுவதைவிடக் கிளம்பும் முன்னே முடிப்பது புண்ணியம். இங்கே தங்குவதற்கான அனுமதி குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் விமானம் ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். வந்தபின் மருத்துவப் பரிசோதனை, அதில் காசநோய்ப் பரிசோதனையும் அடக்கம், பிறகு மூன்று மாதத்துக்குள் வதிவிட அட்டைக்கு விண்ணப்பம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வேண்டாம்.

பதிவு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதியில் தொடங்கும் 13 இலக்க எண் வரும். சம்பளம், மருத்துவக் காப்பீடு, கிரெஷ், பிள்ளைகள் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. உதவித்தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 300 யூரோ சுற்றி வருகிறது, தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். டாக்டரிடம் முதலில் நாம் காசு கொடுத்துவிட்டுப் பிறகு ரசீதை அனுப்பித் திரும்பப் பெறுவதுதான் பழைய முறை, இப்போது உடனடிக் கழிவு முறையில் சேர்ந்த டாக்டர்களிடம் நம் பங்கை மட்டும் கொடுத்தால் போதும்.

மேசோன் ரெலே பற்றிச் சொல்கிறேன் என்றேன். அரசுத் தொடக்கப்பள்ளியில் பொதுவாகச் செவ்வாய், வியாழன் மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும். மற்ற நாட்களிலும் நடுவில் இரண்டு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை, பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பப் போக வேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் இந்த நேரத்தையெல்லாம் பார்த்துக்கொள்ளும் இடம்தான் மேசோன் ரெலே: சாப்பாடு, விளையாட்டு, மாலை வரை காவல். 2022 செப்டம்பர் முதல் பள்ளி நடக்கும் வாரங்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை இங்கே பார்த்துக்கொள்வது இலவசம், விடுமுறை வாரங்களுக்கு வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். இடம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்காது, வேலைச் சான்றிதழ் கேட்பார்கள். மனைவி இன்னும் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறார் என்றால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். இடம் இல்லாததால் வேலைக்குப் போக முடியவில்லை, வேலை இல்லாததால் இடம் இல்லை, இந்த வட்டத்தில் சுற்றும் நம் பெண்கள் பலர். 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத்தினருக்கான வதிவிட அட்டையில் வருகிறவர்கள் தனி அனுமதி இல்லாமலே வேலைக்குப் போகலாம் என்று ஆனது நல்ல மாற்றம், ஆனால் பிள்ளையை விட இடம் வேண்டுமே. அதனால் வீடு முடிவு செய்யும் முன் கம்யூனுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மேசோன் ரெலேயில் இடம் எப்படி என்று கேட்பது, சமையலறை எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட முக்கியம்.

பெரியவர்களுக்கு எந்த மொழி? வேலைக்கும் கடைக்கும் பிரெஞ்சு, அதைத்தான் முதலில் எடுங்கள். ஆங்கில அலுவலகத்தில் இருப்பவருக்கு அவசரமில்லை, வேலை தேடும் துணைக்குத்தான் அவசரம். லக்சம்பர்க்கிஷ் இரண்டாவது வருடத்தில் தொடங்கினால் போதும், வேலை பார்ப்பவருக்கு அதற்கென்றே 200 மணி நேரம் வரை மொழி விடுப்பு இருக்கிறது. ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமை கேட்கும்போது பேச்சுத் தேர்வு லக்சம்பர்க்கிஷில்தான், பேசுவதற்கு ஏ2, கேட்டுப் புரிவதற்கு பி1 (இவை ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் நிலைகள்). இந்தியக் கடவுச்சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அது வேறு குடும்ப விவாதம். அதுவரை "மோயென்" (லக்சம்பர்க்கிஷில் வணக்கம்) என்று சொல்லிவிட்டு எந்தக் கடைக்குள்ளும் நுழையுங்கள், அப்புறம் எந்த மொழியில் தடுமாறினாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

சாமான் பட்டியலில் சின்னப் பிள்ளைக்கு இரண்டு சேருங்கள்: பள்ளிக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு, காட்டு நடைக்கு ரப்பர் பூட்ஸோடு மழைக்கோட்டு. மழை பெய்கிறது என்று இங்கே எந்த ஆசிரியரும் காட்டுக்குப் போவதை ரத்து செய்ய மாட்டார். முதல் தடவை சேறோடு திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்துப் புகார் எழுத உட்கார்ந்த தோழி ஒருத்தி, இப்போது தானே பெற்றோர் உதவியாளராகக் கூடப் போகிறாள். டிசம்பரில் எட்டரைக்கு விடிந்து நாலரைக்கு இருட்டும், ஜாக்கெட்டின் மேல் பிரதிபலிப்பு மேலங்கி மாட்டாமல் பிள்ளையை நடக்கவிடாதீர்கள். இட்லி மாவு புளிக்க ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். டிசம்பர் 6 செயின்ட் நிக்கோலஸ் நாள், தொடக்கப்பள்ளிக்கு விடுமுறை, அலுவலகத்துக்குக் கிடையாது, அன்றைக்கு ஒருவர் லீவு போட வேண்டும். பிப்ரவரி 2 மாலையில் குழந்தைகள் விளக்கேந்திப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், மிட்டாய் வாங்கி வையுங்கள், உங்கள் பிள்ளையையும் அந்தக் கூட்டத்தோடு அனுப்புங்கள். தெருவில் யார் யார் என்று தெரியவருவது பெரும்பாலும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று, பலருக்குத் தெரியாது. கம்யூன் தேர்தலில் வெளிநாட்டுக்காரரும் ஓட்டுப் போடலாம். முன்பு ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது, 2022-ல் எடுத்துவிட்டார்கள். பதினெட்டு வயது ஆகி, கம்யூனில் வாக்காளராகப் பெயர் கொடுத்தால் போதும். தொடக்கப்பள்ளிக் கட்டடம், மேசோன் ரெலேயில் எத்தனை இடம், பள்ளி வாசலில் வேகத்தடை எல்லாம் கம்யூன் கவுன்சிலின் கையில்தான் இருக்கிறது. அடுத்த தேர்தல் 2029-ல், ஆனால் பதிவை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், வேறு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போகும்போதே அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை பதிந்துவிட்டால் அதன்பின் வாக்களிப்பது கட்டாயம் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.